அனுமந்தை தாண்டாத வண்டி

கொளஞ்சிக்கு எஞ்சின் என்றால் உயிர் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதெல்லாம் சும்மா. மீசை முளைத்த நாளிலிருந்து உப்பளத்து டீசல் பம்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு அதன்மேல் என்ன பெரிய பாசம் பொங்கப் போகிறது? எஞ்சின் நின்றால் பாத்திக்குத் தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாவிட்டால் உப்பு விளையாது. உப்பு விளையாவிட்டால் முதலாளியில் தொடங்கி உப்பு வாருகிற பெண்கள் வரைக்கும் எல்லார் வாயிலும் கொளஞ்சிதான் விழுந்து எழ வேண்டும். அதனால் எஞ்சினை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டான். பாசமும் இல்லை, பக்தியும் இல்லை, பிழைப்பு.

ஆனால் ஒன்று. அவன் கை வைத்த எஞ்சினில் இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. அந்த விஷயத்தில் ஆள் பொல்லாதவன். பக்கத்து அளத்துக்காரன் ஒருமுறை ஆசையாக ஒரு நட்டைத் திருகிப் பார்த்துவிட்டான் என்பதற்காக அவனோடு ஒரு சீசன் முழுக்கப் பேசவில்லை. கலியாண வீட்டில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தும் பேசவில்லை. அப்படி ஒரு பிடிவாதம்.

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டின தெருவில் வீடு. ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு அறை, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. தை பிறந்து பாத்தி வேலை தொடங்கினால் அவனுக்குப் பம்ப் மேடைதான் குடித்தனம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உப்பளம் மொத்தமும் ஏரியாகிவிடும். அப்போது எஞ்சின்களைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து பிரித்துப் போட்டு, அடுத்த தைக்குள் சீர் பண்ணி வைப்பான். அவன் மனைவி சாலம்மாள் அதே உப்பளத்தில் உப்பு வாரினவள். வாரினவள் என்றுதான் இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்குக் கால் வீங்கியது, முகம் வீங்கியது, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய்க் காட்டியதில் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் புதன்கிழமையும் சனிக்கிழமையும் வந்து மிஷினில் படுக்க வேண்டும், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணித் திரும்ப உள்ளே விடுவோம், உயிரோடு இருக்கிற வரைக்கும் இப்படித்தான் என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைக் கொளஞ்சி இன்றைக்கும் மறக்கவில்லை.

அதற்காக அவள் இடது கையில் சின்ன ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ரத்தம் ஓடுவது கிர்ரென்று தெரியும். தினமும் தொட்டுப் பாருங்க, கிர்ரு நின்னுபோச்சின்னா உடனே ஓடி வாங்க என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அந்த வேலையைக் கொளஞ்சி எடுத்துக்கொண்டான். காலையில் எழுந்ததும் முதல் காரியமாக அவள் கையில் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான்.

"ஓடுது" என்பான்.

"ஓடாம எங்க போவும்" என்பாள் அவள்.

மிஷினில் படுத்து எழுந்தால் அவளுக்குப் பிரஷர் இறங்கிவிடும். முதல் வருஷம் பஸ்ஸில் போய்வந்தார்கள். ஒருநாள் திரும்பி வருகையில் மரக்காணத்தில் படியிறங்கும்போது தலை சுற்றி விழுந்து, நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம்தான் கொளஞ்சி குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ்காரர்களுக்கு ஓட்டின ஒரு பழைய டீசல் காரைத் தேடிப் பிடித்து வாங்கினான். வெள்ளைக் கார் என்று சொல்லிக்கொள்ளலாம், பார்க்கிறவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். முன் சீட்டின் கொண்டியை அறுத்து, முழுக்கச் சாய்கிற மாதிரி பண்ணினான். வரும்போது சாலம்மாள் அதில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு வருவாள்.

அந்தக் கார்தான் இந்த மழைக்காலத்தில் புகையைக் கக்க ஆரம்பித்தது. பின்னால் பைக்கில் வருகிறவர்கள் கையை ஆட்டித் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். பைபாஸ் ஓரம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிற ஆரோக்கியராஜ் பானெட்டைத் தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"பிஸ்டன் ரிங்கு தேஞ்சி போச்சுண்ணே. எஞ்சின எறக்கித்தான் ஆவணும். ஆனா என் ஷெட்டுல இப்போ எடமில்ல. ஒரு மாசம் வுட்டுட்டுப் போ, பாக்கலாம்."

"ஒரு மாசம் அவ எதுல போவா?"

"அத்த நான் இன்னாண்ணே சொல்றது."

"நானே எறக்கிக்கிறேன் போ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான் கொளஞ்சி. சொல்லிவிட்டானே தவிர, கார் எஞ்சினை அவன் முழுக்கப் பிரித்ததில்லை. பம்ப் எஞ்சினுக்கு ஒரே சிலிண்டர், தலையில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். இதற்கு எங்கே பார்த்தாலும் ஓட்டை, எங்கே பார்த்தாலும் குழாய். இருந்தாலும் எஞ்சின் எஞ்சின்தானே என்று ஒரு தெம்பு.

இங்கே உப்பளத்துக்காரர்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் வீசுகிற காற்றில் எண்ணெய் தடவாத இரும்பை ராத்திரி வெளியே வைத்தால் காலையில் துருவாக எடுக்கலாம். அதனால் எஞ்சினைப் பிரித்தவுடனேயே, எத்தனை ஓட்டை உண்டோ அத்தனையிலும் எண்ணெயில் முக்கின துணியைத் திணித்து அடைத்துவிடுவார்கள். அதற்கப்புறம்தான் பீடி, டீ எல்லாம். மாட்டும்போது ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே மாட்டுவார்கள். வேறு ஊர் மெக்கானிக் பார்த்தால் சிரிப்பான். சிரிக்கிறவன் ஒரு வாரம் இங்கே கடை போட்டுப் பார்க்கட்டும்.

துணி கிழித்துக் கொடுத்தது சாலம்மாள். கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தன்னுடைய பழைய நூல்சேலையை, சிவப்புக் கரை போட்டது, துண்டு துண்டாகக் கிழித்து எண்ணெயில் நனைத்து நீட்டினாள். அவன் அடைத்துக்கொண்டே போனான். பிஸ்டனும் ரிங்கும் வந்து, சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கடையக் கொடுத்து வாங்கி, திரும்ப மாட்டுகிற நாட்களிலும் அவள் அதே நாற்காலியில் இருந்தாள். துணியைப் பிடுங்கி அவள் காலடியில் இருந்த அன்னக்கூடையில் போடுவான், அவள் அதை அமுக்கி வைப்பாள். நடுவில் புதனும் சனியும் ஆட்டோ பேசிப் போய்வந்தார்கள். ஆட்டோ குலுக்கின குலுக்கலில் அவள் வீடு வந்து சேர்வதற்குள் பாதி செத்தாள். எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடுகிற தண்ணீர் பம்பை மாட்டுகிற அன்றைக்கு, சென்னைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் வினோதினி போனில் கூப்பிட்டாள். எண்ணெய்க் கையோடு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளோடு பேசிவிட்டு வந்து, நடுவில் கேஸ்கட் தாளை வைத்துப் பம்பை முடுக்கினான். அத்தோடு பெரிய வேலை முடிந்தது.

முதல் ஸ்டார்ட்டிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. சத்தம் மாவு அரைக்கிற மாதிரி ஒரே சீராக இருந்தது. கொளஞ்சி வெளியில் நின்று பெருமையாகத் தெருவை ஒரு பார்வை பார்த்தான். தெருவில் ஒரு நாய்தான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை காலையில் கிளம்பினார்கள். மரக்காணம் தாண்டி, உப்பளம் தாண்டி, அனுமந்தை போர்டு கண்ணில் படுகிற நேரத்துக்கு டெம்பரேச்சர் முள் எழுந்து நின்றது. கொளஞ்சி வேகத்தைக் குறைத்தான். முள் குறையவில்லை. அனுமந்தைக் கடைத்தெருவை எட்டுவதற்குள் பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது.

ஓரம் கட்டினான். எஞ்சின் ஆறட்டும் என்று ஒரு பனைமரத்து நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மீன்கூடை வைத்திருந்த பெண்ணொருத்தி சாலம்மாளிடம் இன்ன ஊர், இன்ன விஷயம் என்று விசாரித்தாள். சாலம்மாள் அன்றைக்கு நிறையப் பேசினாள். கொளஞ்சி அங்கே இருந்த இளநீர் வண்டிக்காரனிடம் ஒன்று வாங்கிக் குடித்தான். அவளுக்கு இளநீர் ஆகாது, தண்ணீரே நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு.

"என் கண்ணு முன்னால குடிக்கிற பாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"தொண்ட காஞ்சி போச்சு" என்றான்.

அரைமணி கழித்துத் தண்ணீர் ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, மெல்ல உருட்டிக்கொண்டு வீட்டுக்கே திரும்பினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினான். சனிக்கிழமை தவறக் கூடாது, தவறினால் மூச்சுத் திணறிவிடும், தண்ணீரை இன்னும் குறையுங்கள் என்றாள் நர்ஸ்.

அதிலிருந்து ஆரம்பித்தது பாடு. ரேடியேட்டரைக் கழற்றிக் குழாயை வைத்துத் தண்ணீர் விட்டான். சரசரவென்று ஓடியது, அடைப்பில்லை. ஃபேன் பெல்ட் சரி. எங்கும் ஒழுகல் இல்லை. எதிர்வீட்டு சுப்ராயன், உப்பு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னா தண்ணி ஊத்துன?"

"மழத்தண்ணி. தகரத்துல புடிச்சது."

"அதான். தகரம் துரு. துருத்தண்ணி உள்ள போனா சூடு ஏறாம இன்னா பண்ணும்."

"போர் தண்ணி ஊத்தியிருந்தா?"

"அது உப்பு. அத்த எவனாவது வண்டிக்கு ஊத்துவானா?"

சுப்ராயனிடம் எந்தப் பக்கமாகப் போனாலும் தப்பு நம்மிடம்தான் வந்து நிற்கும். கொளஞ்சி அடுத்த போல்ட்டைக் கழற்றினான். சாலம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் ரேடியேட்டருக்குள் குடத்தைக் கவிழ்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு மட்டும் குடம் குடமா ஊத்து" என்றாள். "எனக்கு அர டம்ளரு."

வியாழக்கிழமை ஆரோக்கியராஜ் வந்தான். எஞ்சினை ஓடவிட்டு ரப்பர் ஹோஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். எஞ்சின் கொதிக்கிறது, ரேடியேட்டரின் அடிப்பக்கம் சில்லென்று இருக்கிறது.

"தண்ணி சுத்தலண்ணே. சூடானா தெர்மோஸ்டாட்டு தெறந்து தண்ணிய வுடணும், அது தெறக்கல. அத்தக் கழட்டிக் கடாசு."

கழற்றிக் கடாசினான். தனியாக ஓட்டிப் பார்த்தான். அனுமந்தை போர்டு வந்ததும் முள் எழுந்தது. அந்த போர்டைப் பார்த்தாலே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. வண்டியைத் திருப்பி, வழியெல்லாம் நின்று நின்று வந்து சேர்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. ராத்திரித் தூக்கமும் இல்லை. சாலம்மாளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. தலைகாணிகளை அடுக்கிச் சுவரில் சாய்ந்தபடிதான் தூங்கினாள். காலில் விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"சனிக்கிழமைக்கு ஆட்டோ சொல்லிட்றேன்" என்றான்.

"ஆட்டோல வர மாட்டேன்."

"வாடக காரு?"

"எதுலயும் வர மாட்டேன். நம்ம வண்டி சரியாச்சின்னா வர்றேன். இல்லன்னா உடு."

"இல்லன்னா உடுன்னா இன்னாமே அர்த்தம்?"

அவள் தலைகாணியைச் சரிபண்ணிக்கொண்டாள். வினோதினி போனில் அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "உங்கப்பா வண்டி சரி பண்ணட்டும்டி" என்பதே சாலம்மாளின் பேச்சாக இருந்தது. கொளஞ்சி பயந்தான். இத்தனை வருஷத்தில் அவள் எதற்கும் இப்படி அடம் பிடித்ததில்லை, பிடிவாதம் அவன் பங்கு. ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு மூலையில் அவனுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. என் வண்டியில்தான் வருவாளாம். சரி பண்ணிவிட்டால் தீர்ந்தது. சரி பண்ணிவிடுவேன். மனுஷனுக்குப் பெருமை எங்கேயெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் கையில் விரல் வைத்துப் பார்த்தான். "ஓடுது" என்றான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஆரோக்கியராஜ் திரும்ப வந்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் குமிழ் குமிழாகக் கிளம்பியது.

"பாத்தியா? காத்து வருது. ஹெட் கேஸ்கட் போயிருக்குது. இல்லன்னா ஹெட்டே வளஞ்சிருக்கும். எல்லாத்தையும் திரும்பப் பிரிக்கணும்ணே. வேற வழியில்ல." போகும்போது அவனுக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "நாளைக்கி என் மச்சான் காரு சொல்லட்டா? அண்ணிய ஏத்திப் போயிட்டு வா."

"அவ வர மாட்டா" என்றான் கொளஞ்சி.

சாப்பிட உட்கார்ந்தவன் பாதியில் எழுந்தான். கையைக் கழுவிவிட்டுக் கொட்டகைக்குள் போய்ச் சாக்கை விரித்தான். ஸ்பானர்களை எடுத்து வரிசையாக வைத்தான். வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது எழுந்திருக்கத் தெம்பு இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. முட்டி வலி, இடுப்பு வலி, எண்ணெய் ஊறின கையில் எங்கே பார்த்தாலும் கீறல். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, லேத்துக்குக் கொண்டுபோய், வளைவு எடுத்துக் கொண்டுவந்து, மாட்டி முடிக்க இன்னும் எத்தனை நாள் ஆகுமோ. அதற்குள் அவள்? அதை யோசிக்காமல் இருக்கத்தான் ஸ்பானரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆனால் பழக்கம் விடுமா?

"சாலா, பழய சேல எதனா இருக்குதா? பிரிச்சதும் அடைக்கணும்."

நாற்காலியிலிருந்து அவள் எழுந்து உள்ளே போனாள். மூச்சிரைக்க வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். கையில் பச்சைச் சேலை ஒன்று, நல்லதாகத்தான் இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கிழிக்கவில்லை.

கொளஞ்சி எழுந்து ஹெட்டின் முதல் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, மூச்சைப் பிடித்து அழுத்தினான். போல்ட் கிறீச்சென்றது.

"ஹெட்டக் கழட்டாத" என்றாள்.

"கழட்டாம?"

"தண்ணி பம்புக்குப் பின்னால பாரு. அடச்ச துணியில ஒண்ணு உள்ளயே இருக்குது. கர இருந்த துண்டு."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  பெல்ட்டைத் தளர்த்தினான், ஃபேனைக் கழற்றினான், பம்பின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். ஹெட்டைக் கழற்றுவதோடு பார்த்தால் இது ஒரு வேலையே இல்லை. பம்பு கையோடு வந்தது. பின்னால் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டான். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. மூக்குக் குறடால் பிடித்து இழுத்தான். வெந்து கறுத்து வழுக்கிக்கொண்டு வந்தது துணி. அதன் ஒரு ஓரத்தில் சிவப்பு இன்னும் தெரிந்தது.

பம்ப் எஞ்சினில் அந்த இடத்தில் அப்படி ஒரு ஓட்டையே கிடையாது. அதனால் அவன் கைக்கு அதைப் பிடுங்க ஞாபகம் வரவில்லை. கேஸ்கட் வைக்கிற இடத்தை அவன் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தபோது துணி நழுவி உள்ளே இறங்கியிருக்கிறது. குமிழ் கிளம்பினது உள்ளே தண்ணீர் சுற்றாமல் கொதித்ததால். ஹெட்டை நூறு தடவை கழற்றினாலும் துணி அகப்பட்டிருக்காது. இவ்வளவும் அவனுக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது. எஞ்சினைப் பற்றிய விஷயம் என்பதால் புரிந்தது. மற்றது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ மாட்டும்போதே. வினோதினிகிட்ட போன்ல பேசிட்டு வந்து நீ பாட்டுக்கு மூடுன. கூடையில கர வச்ச துண்டு வரல. பாத்துனேதான் இருந்தேன்."

கொளஞ்சிக்குக் கோபம் வந்தது. ஸ்பானரை எடுத்து வீசினான். அது தகரத்தில் மோதி விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டு சுப்ராயன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா இன்னா? புதன்கிழமலேர்ந்து நான் நாயா பேயா அலையிறேன். பாத்துனு குந்திகினு இருந்திருக்கிற."

"சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். அப்புறம், வண்டி ஓடலன்னா போவ வேணாமேன்னு தோணிச்சி. அவ்ளோதான்யா. பெருசா ஒண்ணும் யோசிக்கல."

"போவலன்னா செத்துப் போயிடுவ. தெரியுமா?"

"தெரியும்" என்றாள். உலை கொதித்துவிட்டதா என்று கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு அலுத்துப் போச்சு. வாரத்துல ரெண்டு நாளு அந்த ஊசி. மத்த நாளு தண்ணிக்குப் பறக்கறது. நீயும் சேந்து தேயற. எதுக்குன்னு இருக்குது."

"அப்ப இப்ப மட்டும் ஏன் சொன்ன?"

"நீ திரும்பத் துணி கேட்டியே." அவளுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்திச் சொன்னாள். "திரும்ப எல்லாத்தையும் பிரிச்சி, திரும்ப அடச்சி, திரும்ப மாட்டி, கடைசியில அது அங்கயேதான் இருக்கப் போவுது. உன் மூஞ்சப் பாக்க முடியலய்யா. அதான் சொல்லிட்டேன்."

கொளஞ்சி சாக்கின்மேல் உட்கார்ந்தான். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, இருக்கிற தெம்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வெந்த துணியை விரலால் பிரித்து முட்டியின்மேல் பரப்பினான். அதைக் கட்டிக்கொண்டு அவள் உப்பு வாரினது அவனுக்கு ஞாபகம் வந்தது. அழுகை வந்தது, அடக்கவில்லை.  பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான், கன்னத்தில் கறுப்பாகத் தீற்றியது.

"அனுமந்தையில வண்டி நின்னுது இல்ல, புதன்கிழம" என்றான். "எனக்கும் ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருந்துச்சி. இன்னிக்கி ஒரு நாளு போவ வேணாம்னு."

"தெரியும். எளநி வாங்கிக் குடிச்ச. என்னிக்காவது உனக்குன்னு ஒண்ணு வாங்கிக் குடிச்சிருக்கியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, சிரித்ததில் இருமல் பிடித்துக்கொண்டது. எழுந்து போய் முதுகை நீவிவிட்டான். நீவிக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கி?"

"மொதல்ல அத்த மாட்டு. அப்புறம் பாத்துக்கலாம்."

மாட்டினான். ஓட்டைக்குள் விரலை விட்டு ஒருமுறைக்கு இரண்டுமுறை துழாவிப் பார்த்துவிட்டு மாட்டினான். பச்சைச் சேலையை அவள் மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் அவள் கையில் விரல் வைத்தான். "ஓடுது" என்றான். அவள் வழக்கமாகச் சொல்கிறதைச் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் விரலை எடுக்காமலே இருந்தான். சொல்லவில்லை. ஆனால் தலையை வாரிக்கொண்டு தானாகவே வந்து முன் சீட்டில் ஏறினாள்.

உப்பளத்தைத் தாண்டினார்கள். மழைத்தண்ணீர் வரப்பை மூடிக் கிடந்தது. இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். கொளஞ்சியாவது ரோட்டைப் பார்த்திருக்கலாம். அனுமந்தை போர்டு வந்தது. முள் பாதியில் நின்றது. கடைத்தெரு வந்தது, பனைமரம் வந்தது, இளநீர் வண்டிக்காரன் இவர்களை அடையாளம் கண்டு கையை ஆட்டினான். முள் அசையவில்லை. சாலம்மாள் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். 

ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை. சாலம்மாள் கண்ணைத் திறந்து சீட்டை நிமிர்த்தி, கண்ணாடி வழியாக உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவில் கை வைக்கவில்லை. பின்னால் ஒரு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். கொளஞ்சி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான். அவளை இறங்கு என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இறங்காதே என்று சொல்லவும் வரவில்லை.

"வேணான்னா சொல்லு சாலா" என்றான். "திருப்பிட்றேன். கோச்சிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துபோய் முள்ளைப் பார்த்தான். அது பாதியில்தான் இருந்தது. எஞ்சின் அதுபாட்டுக்குச் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சாலம்மாளும் அதையே கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆஃப் பண்ணுய்யா" என்றாள். "டீசல் சும்மா எரியுது."

பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.